இயந்திர ஆசிரியரும் மாணாக்கர் தவறும்

ஐசக் அசிமோவ் எழுதிய சிறுகதைகளுள் அளவாற் சிறியதும் பலராலும் படிக்கப்பெற்றதும் 'த ஃபன் தே ஹாட்' என்பதாகும். 'அவர்கள் துய்த்த இன்பம்' என அதன் பெயரைத் தமிழில் வழங்கலாம். நண்பர் ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்கச் சிறுவர்க்கான செய்தித்தாட் பக்கமொன்றுக்கென எழுதப்பெற்ற இக்கதை 1951 ஆம் ஆண்டு டிசெம்பரில் வெளிவந்தது. 1954 இல் அறிவியற் புனைகதைச் சஞ்சிகை ஒன்றில் மறுபதிப்புப் பெற்றது. பின்னர்ப் பாடநூல்களிலும் புகுந்தது. இந்தியாவில் 2006 இல் வெளியான ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இதுவே முதற் பாடமாக அமைந்தது.

இக்கதையின் கருத்தென வகுப்பறைகளிற் பொதுவாகக் கூறப்படுவது ஒன்றே. இயந்திரம் கற்பிக்கும் காலம் வருமாயின் குழந்தைகள் ஒருவரோடொருவர் கூடிக் கற்கும் தோழமையை இழப்பர் என்பதே அது. இக்கூற்றுப் பிழையன்று, கதையின் முடிவே இதற்கு இடந்தருகின்றது. ஆயினும், ஆசிரியப் பணியை மேற்கொள்ளவிருக்கும் ஒருவர், செயற்கை நுண்ணறிவு வகுப்பறையின் வாயிலைக் கடந்து உள்ளே வந்துவிட்ட இக்காலத்தில், இதனைப் படிக்கும்போது இவ்விளக்கம் அவருக்குப் போதியதாக இராது. விளையாட்டுத் திடலும் தோழமையும் இருக்கட்டும். ஆசிரியன் என்பான் வகுப்பறையில் யாது செய்கின்றான், அவன் செய்வதில் இயந்திரத்துக்குக் கொடுக்கத்தக்கது யாது, கொடுக்கலாகாதது யாது என்பனவே அவர் கேட்கும் வினாக்கள். இவ்வினாக்களுக்குரிய விடையும் இக்கதையினுள்ளேயே உளது. ஆனால் அது கதையின் முடிவில் இல்லை. நடுப்பகுதியில், ஆசிரியரே விரைந்து கடந்து சென்ற ஓரிடத்தில் உளது.

கதை நிகழும் காலம் 2157 ஆம் ஆண்டு. பதினொரு வயதுச் சிறுமி மார்ஜி தன் நாட்குறிப்பில் மே 17 ஆந் திகதியிட்டு ஒரு செய்தி எழுதுகின்றாள்: பதின்மூன்று வயதுடைய டொமி உண்மையான நூலொன்றைக் கண்டெடுத்துவிட்டான். மஞ்சளித்துச் சுருங்கிய தாள்களையுடைய அந்நூலில் எழுத்துக்கள் திரையில் ஓடுவன போல ஓடாமல் அசையாது நிற்பதைக் கண்டு இருவரும் வியக்கின்றனர். அந்நூல் பழங்காலப் பாடசாலை பற்றியது. பாடசாலையைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கின்றது என்பது மார்ஜியின் ஐயம். அவளுக்குப் பாடசாலை என்பது தன் படுக்கையறைக்கு அடுத்த அறையில் நிற்கும் பெரிய, கரிய, அழகற்ற இயந்திரம். அதில் ஒரு திரை. வீட்டுப் பாடத்தையும் சோதனை விடைத்தாளையும் இடுவதற்கு ஒரு வாய். யாவற்றினும் அவள் வெறுப்பது அவ்வாயையே. ஆறு வயதிற் கற்ற துளைக் குறியீட்டில் விடைகளை எழுதி அதனுள் இடுகின்றாள். இட்ட மாத்திரத்தில் இயந்திரம் புள்ளியைக் கணித்துவிடுகின்றது.

அண்மைக் காலத்தில் மார்ஜி புவியியலிற் பின்தங்கினாள். சோதனைக்கு மேற் சோதனையாக அவள் பெறும் புள்ளி குறைந்துகொண்டே வந்தது. தாய் கவலையுற்று வித்தியாதரிசியை அழைப்பித்தாள். சிவந்த முகமும் உருண்டை வடிவமும் கொண்ட அம்மனிதர் கருவிப் பெட்டியுடன் வந்தார். சிறுமிக்கு ஓர் அப்பிள் பழத்தைக் கொடுத்தார். இயந்திரத்தைப் பகுதி பகுதியாகக் கழற்றினார். மீண்டும் பூட்டத் தெரியாமற் போய்விடாதா என்று சிறுமி ஏங்கினாள். ஆனால் ஒரு மணி நேரத்தில் யாவும் பழையபடி பூட்டப்பட்டுவிட்டன. குற்றம் பிள்ளையுடையதன்று, புவியியற் பகுதி சற்று விரைவாக ஓடும்படி அமைக்கப்பட்டிருந்தது, அதனைப் பத்து வயதுப் பிள்ளையின் சராசரி அளவுக்குக் குறைத்துவிட்டேன், அவளுடைய பொது முன்னேற்றம் திருப்திகரமானதே என்று தாயிடம் கூறி அவர் விடைபெறுகின்றார். (அமெரிக்க வழக்கில் அப்பிள் பழம் மாணவர் ஆசிரியருக்குக் கொண்டு செல்லும் காணிக்கை. இங்கு ஆசிரியரைப் பழுதுபார்ப்பவர் மாணவிக்குக் கொடுக்கின்றார். அசிமோவின் நகைச்சுவை இத்தகைய சிறு மாற்றங்களிலேயே மிகுதியும் ஒளிந்திருப்பது.)

இப்பகுதியை மீளவும் ஒருமுறை படிப்பவர்க்கு ஓர் உண்மை புலனாகும். மார்ஜியின் விடைத்தாளை எவரும் படிக்கவில்லை. இயந்திரம் அதனைப் புள்ளியாக மாற்றியது. தாய் புள்ளியைப் பார்த்தாள். வித்தியாதரிசி இயந்திரத்தைப் பார்த்தார். அவள் எதனைத் தவறாக எழுதினாள், ஆறு எத்திசையில் ஓடுகின்றது என்பதில் மயங்கினாளா, வரைபடத்தின் அளவுத்திட்டத்தை விளங்கிக்கொள்ளவில்லையா, தலைநகரங்களின் பெயர்களை மறந்தாளா என்ற வினா கதையில் எவர் நாவிலும் எழவில்லை. நோய் இன்னதென்று அறியாமலே மருந்து கொடுக்கப்பட்டது. அம்மருந்தும் வேகத்தைக் குறைத்தல் என்ற ஒன்றே. தவறான கருத்தொன்றை விரைவாகக் கற்ற பிள்ளை, இனி அதே தவறான கருத்தை மெதுவாகக் கற்பாள்.

மார்ஜியின் தாய் நம்புவது வேறு. ஒவ்வொரு பிள்ளையின் மனத்துக்கும் பொருந்துமாறு ஆசிரியர் அமைக்கப்படல் வேண்டும், ஒவ்வொருவரும் வெவ்வேறு வகையிற் கற்பிக்கப்படல் வேண்டும் என்பது அவள் கூறிவருவது. சிறுமியும் அதனையே டொமியிடம் எடுத்துரைக்கின்றாள். ஆனால் அப்பொருத்தம் செய்யப்படும் முறையோ சராசரிப் பத்து வயதுப் பிள்ளை என்ற, உலகில் எங்கும் இல்லாத ஒரு பிள்ளையை அளவாகக் கொண்டது. தனியாளுக்குரிய கல்வி என்ற பெயரும் சராசரிக்குரிய கல்வி என்ற செயலும் ஒரே பக்கத்தில் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. கதையின் மிகக் கூரிய இடம் இதுவே. இன்று விற்பனைக்கு வரும் கல்விக் கணினி நிரல்களின் விளம்பரங்களைப் படிப்பவர் இவ்விடத்தை மறக்கலாகாது.

இவ்வளவு கூர்மையாகத் தொடங்கிய ஆசிரியர் முடிவில் இரக்க உணர்ச்சியின் வழியே சென்றுவிடுகின்றார். மார்ஜி இயந்திரத்தின் முன் அமர்கின்றாள். அன்றைய பாடம் முறைமைப் பின்னங்களின் கூட்டல். அரையும் காலும் திரையில் ஒளிர்கின்றன. அவள் மனமோ பழங்காலப் பிள்ளைகள் திடலிற் கூவிச் சிரித்ததையும், ஒரே பாடத்தைக் கற்றமையால் வீட்டுப் பாடத்தில் ஒருவர்க்கொருவர் உதவியதையும், அவர்தம் ஆசிரியர் மனிதராக இருந்ததையும் எண்ணி ஏங்குகின்றது. பழைய பாடசாலை இத்துணை இன்பமயமாக என்றும் இருந்ததில்லை என்பதை வாசகர் அறிவர். தலைப்பின் முரண் இதனாலேயே சுவைக்கின்றது. ஆனால் அம்முரணை நுகர்வதோடு பெரும்பாலான வாசிப்புகள் நின்றுவிடுகின்றன. மனித ஆசிரியர் என்பதனாலேயே ஒருவர் இயந்திரத்தினும் மேம்பட்டவராகிவிடுவாரா என்று அசிமோவ் கேட்கவில்லை. நாற்பது அப்பியாசக் கொப்பிகளை ஒரு மாலைப்பொழுதிற் புரட்டிச் சரியென்றும் பிழையென்றும் சிவப்புக் குறியிட்டு, அடியிற் புள்ளியையும் திகதியையும் எழுதி மூடிவைக்கும் ஆசிரியரும் மார்ஜி வெறுத்த அந்த வாயே ஆவர். வேறுபாடு வேகத்தில் மட்டுமே. அவ்வகையில் இயந்திரமே சிறந்தது.

கதையில் ஒளிரும் அதே கணக்கை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். அரையையும் காலையும் கூட்டும்படி கேட்டால் ஆறில் இரண்டு என எழுதும் பிள்ளைகள் எல்லா நாட்டிலும் உளர். தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டியதால் வந்த விடை அது. பிழைக்குறி இடுபவருக்கு அது பிழை, அவ்வளவே. அதனை வாசிக்கும் ஆசிரியருக்கோ அவ்விடை பலவற்றைக் கூறுகின்றது. இப்பிள்ளைக்குக் கூட்டல் தெரியும். கவனக்குறைவும் இல்லை; கோட்டுக்கு மேலும் கீழும் ஒழுங்காகவே கூட்டியுள்ளான். அவனுக்குத் தெரியாதது பின்னம் என்பது ஓர் எண் என்பதே. மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு எண்களை எழுதும் ஒரு முறையாக அதனை அவன் கருதுகின்றான். இதனை அறிந்த ஆசிரியர் பொதுப் பகுதி காணும் விதியை நான்காவது முறையாகச் சொல்ல மாட்டார். ஆறில் இரண்டு என்பது மூன்றில் ஒன்று அல்லவா, முதலில் உன்னிடம் அரை இருந்தது, அதனோடு மேலும் சிறிது சேர்த்த பின் அரையிலும் குறைந்தது எப்படி என்று கேட்பார். அந்த வினாவில் அப்பிள்ளை திடுக்கிட்டு நிற்கும் கணமே பின்னம் கற்பிக்கப்படும் கணம். வேகத்தைக் கூட்டுவதாலும் குறைப்பதாலும் அக்கணம் வருவதில்லை.

கற்பிக்கும் இயந்திரங்களின் வரலாறு முழுவதையும் மாணவரின் தவற்றை அவை எவ்வாறு நடத்தின என்ற ஒரு நோக்கில் வைத்து எழுதலாம். ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துச் சிட்னி பிரெசி என்பார் 1926 இல் எடுத்துரைத்த கருவி நான்கு விசைகளையுடையது. வினாவுக்குத் தரப்பட்ட நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்து மாணவர் விசையை அழுத்துவர். சரியான விசை அழுத்தப்படும் வரை அடுத்த வினா தோன்றாது. போதிய விடைகள் சரியானால் இனிப்பு வழங்கும் உறுப்பொன்றையும் அவர் அதனோடு இணைத்தார். (வித்தியாதரிசியின் அப்பிளுக்கு இஃதொரு முன்னோடி போலும்.) ஆதரிப்பாரின்றி 1932 இல் அம்முயற்சியைக் கைவிடுவதாக அவர் அறிவித்தார். பிரெசியின் கருவிக்குத் தவறு என்பது ஒரு தடை மட்டுமே. மாணவர் அதனை எவ்வாறு தாண்டினார் என்பது பற்றி அதற்கு அக்கறையில்லை. அழுத்தி அழுத்திப் பார்த்தும் தாண்டலாம்.

ஹார்வர்ட் உளவியலாளர் ஸ்கின்னர் 1953 நவம்பர் 11 ஆந் திகதி தம் மகளின் நான்காம் வகுப்பைக் காணச் சென்றார். கணக்குகளைச் செய்து முடித்த பிள்ளைகள் சும்மா இருப்பதையும், முடியாத பிள்ளைகள் தவிப்பதையும், தம் விடை சரியா பிழையா என்பதை அறிய யாவரும் மறுநாள் வரை காத்திருக்க வேண்டியிருப்பதையும் கண்டு வருந்தித் தம் முதற் கற்பித்தற் கருவியை ஆக்கத் தொடங்கினார். அவருடைய குறைகூறல் முற்றிலும் நியாயமானது. இன்றும் எத்தனையோ வகுப்புகளுக்குப் பொருந்துவது. ஆனால் அவர் கண்ட தீர்வு தவற்றை அறவே தவிர்ப்பதாயிற்று. பாடத்தை மிகச் சிறிய படிகளாக வகுத்து, மாணவர் பெரும்பாலும் தவறே செய்யாதவாறு நடத்திச் செல்ல அவர் விரும்பினார். தவறே நிகழாத இடத்தில் வாசிப்பதற்கும் ஒன்றும் இராது. அசிமோவின் கதை ஸ்கின்னரின் கட்டுரைக்கு மூன்று ஆண்டு முற்பட்டது என்பதும், கதையின் இயந்திரம் தவறுகளை ஓயாது எண்ணுவது என்பதும் கருதத்தக்கன. அக்காலத்தில் நோமன் குரவ்டர் ஒருவரே தவறான விடையை ஒரு செய்தியாகக் கொண்டார். அவர் அமைத்த நூல்களில் ஒவ்வொரு தவறான விடையும் வாசகரை வெவ்வேறு பக்கத்துக்கு அனுப்பும். அப்பக்கத்தில் அத்தவற்றுக்குரிய விளக்கம் இருக்கும். நல்ல எண்ணமே. ஆயின், ஆசிரியர் முன்கூட்டியே எண்ணிப் பாராத தவற்றுக்கு அதில் பக்கம் இல்லை.

இவ்வரலாற்றில் ஆசிரியராக வரவிருப்போர் தனியே நின்று பார்க்க வேண்டிய கருவி ஒன்றுண்டு. ஜோன் சீலி பிரவுண், ரிச்சர்ட் பர்ட்டன் என்னும் இருவர் 1978 இல் வெளியிட்ட ஆய்வில் விவரித்த 'பக்கி' என்னும் கணினி நிரல் அது. ஏனைய கருவிகள் யாவும் ஆசிரியராக நடிக்க, இஃது ஒன்று மாணவனாக நடித்தது. கழித்தற் கணக்கில் நிலையான ஒரு தவற்றை விடாது செய்யும் மாணவனாகக் கணினி விடையளிக்கும். பயிற்சி ஆசிரியர் தாம் விரும்பிய கணக்குகளைக் கொடுத்து அத்தவறு யாதெனக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டதாக எண்ணினால், புதிய கணக்குகளுக்கு அம்மாணவன் எழுதக்கூடிய தவறான விடைகளைத் தாமே எழுதிக் காட்ட வேண்டும்.

இது விளையாட்டுப் போலத் தோன்றினும் எளிதன்று. அறுபத்து மூன்றிலிருந்து இருபத்தெட்டைக் கழிக்கும்படி கேட்க, மாணவன் 45 என எழுதுகின்றான் எனக் கொள்க. சரியான விடை 35. பயிற்சி ஆசிரியர் உடனே, பத்தினிடத்திலிருந்து கடன் வாங்கியவன் அவ்விடத்தில் ஒன்றைக் குறைக்க மறந்தான் என்பார். பதின்மூன்றில் எட்டுப் போக ஐந்து, ஆறில் இரண்டு போக நான்கு, விடை 45. விளக்கம் மிகப் பொருத்தமாகவே இருக்கின்றது. ஆனால் வேறொரு மாணவனும் இதே விடையை எழுதலாம். கடன் வாங்குதல் என்பதையே அறியாத அவன், ஒவ்வோர் இடத்திலும் எது மேலே எது கீழே என்று பாராமல் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்கின்றான். எட்டில் மூன்று போக ஐந்து. ஆறில் இரண்டு போக நான்கு. அவனுக்கும் விடை 45. ஒரே விடை, இரண்டு நோய். முன்னவனுக்கு நினைவூட்டல் போதும். பின்னவனுக்கு இடப்பெறுமானமே முதலிலிருந்து கற்பிக்கப்படல் வேண்டும். இருவரையும் வேறுபடுத்த இன்னொரு கணக்கு வேண்டும். தொண்ணூற்றொன்றிலிருந்து முப்பத்து நான்கைக் கழிக்கச் சொன்னால் முன்னவன் 67 என்பான், பின்னவன் 63 என்பான். எண்பத்தேழிலிருந்து ஐம்பத்திரண்டைக் கொடுத்தாலோ இருவரும் 35 எனச் சரியாகவே எழுதுவர், ஆசிரியர் ஏமாந்துபோவார். தவற்றை வாசித்தல் என்பது மட்டுமன்றி, தவறு வெளிப்படுமாறு கணக்கைத் தெரிந்தெடுத்தலும் ஆசிரியக் கலையின் கூறு என்பதை இந்நிரல் போல் தெளிவாகக் காட்டியது பிறிதொன்றில்லை. இயந்திரத்தை ஆசிரியரின் இடத்தில் வைக்காமல் ஆசிரியரைப் பயிற்றும் இடத்தில் வைத்தமையே இதன் சிறப்பு. இத்தகைய முயற்சி பரவலாகத் தொடரப்படாமற் போனது ஆசிரியக் கல்விக்கு நேர்ந்த இழப்பு.

இனி இன்றைய இயந்திரத்துக்கு வரலாம். சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 ஆந் திகதி வெளியிடப்பட்டது. நியூயோர்க் நகரின் அரசினர் பாடசாலைகள் 2023 சனவரியில் அதனைத் தடுத்தன. அதே ஆண்டு மே மாதத்தில் அத்தடையை நீக்கும் முடிவை அறிவித்தன. 2023 செப்டெம்பரில் யுனெஸ்கோ வெளியிட்ட வழிகாட்டி, வகுப்பறையில் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்துவதற்குரிய வயதெல்லையாகப் பதின்மூன்றைப் பரிந்துரைத்தது. அவ்வெல்லையின்படி டொமி இயந்திர ஆசிரியரிடம் கற்கலாம். மார்ஜிக்கு அனுமதி இல்லை.

புதிய இயந்திரத்தை மார்ஜியின் இயந்திரத்தோடு ஒப்பிடுங்கால் நடுநிலை பிறழாதிருத்தல் வேண்டும். இது புள்ளியை மட்டும் கணிப்பதன்று. ஆறில் இரண்டு என்ற விடையைக் கொடுத்தால், மாணவன் எவ்வாறு எண்ணினான் என்பதைப் பெரும்பாலும் சரியாகவே கூறிவிடும், தமிழிலும் கூறும். இரவு பத்து மணிக்கும் சலியாது விளக்கும். கணித ஆசிரியர் இல்லாத பாடசாலையில் பயிலும் பிள்ளைக்கு இஃது ஒரு பேறென்பதை மறுப்பது நேர்மையன்று. அசிமோவே பிற்காலத்தில் இதனை வரவேற்றார். 1988 இல் பில் மோயர்ஸ் என்பாருடன் நிகழ்த்திய தொலைக்காட்சி உரையாடலில், வீடுதோறும் கணினி அமைந்து அது பெரும் நூலகங்களோடு இணைக்கப்படுமாயின், முற்காலத்திற் செல்வர் மட்டுமே பெற்ற தனியாசிரியரை யாவரும் பெறுவர் என மகிழ்ந்து பேசினார். வீட்டிலே தனித்திருந்து இயந்திரத்திடம் கற்கும் ஏற்பாட்டை 1951 இல் எள்ளியவர் 1988 இல் போற்றினார் என்பது முரண்பாடு போலத் தோன்றும். உற்று நோக்கின் ஒரு வேறுபாடு உளது. கதையில் இயந்திரம் வினவுகின்றது, பிள்ளை விடையளிக்கின்றாள். உரையாடலிற் கூறப்பட்ட காட்சியில் பிள்ளை வினவுகின்றாள், இயந்திரம் விடையளிக்கின்றது. வினவுபவர் யார் என்பதனால் அடிமையும் தலைமையும் இடம் மாறுகின்றன என அவர் கருதினார் போலும்.

பிள்ளை தன் ஆர்வத்தால் வினவும்போது இது மெய். வீட்டுப் பாடத்தை முடிக்கும் பொருட்டு வினவும்போதோ நிலை வேறு. துருக்கியில் ஓர் உயர்நிலைப் பாடசாலையில் 2023 ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஆயிரம் மாணவரிடையே நடத்தப்பெற்ற ஆய்வு இதற்குச் சான்றாகும். அதன் முடிவுகள் 2025 இல் அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகத்தின் வெளியீட்டில் இடம்பெற்றன. கணிதப் பயிற்சியின்போது ஒரு சாராருக்கு உரையாடும் இயந்திரம் அப்படியே கொடுக்கப்பட்டது. மற்றொரு சாராருக்கு விடையை வெளியிடாது குறிப்புகளை மட்டும் தருமாறு திருத்தப்பட்ட இயந்திரம் கொடுக்கப்பட்டது. மூன்றாம் சாராருக்கு வழக்கமான நூலும் குறிப்புமே இருந்தன. பயிற்சிக் கணக்குகளில் முதற் சாரார் மூன்றாம் சாராரிலும் 48 சதவீதமும், இரண்டாம் சாரார் 127 சதவீதமும் மேம்பட்டனர். பின்னர் இயந்திரத்தை அகற்றிவிட்டுப் பரீட்சை வைத்தபோது முதற் சாரார் இயந்திரத்தையே காணாத மாணவரிலும் 17 சதவீதம் குறைவாகப் பெற்றனர். இரண்டாம் சாராருக்கு அவ்விழப்பு நேரவில்லை; எனினும் குறிப்பிடத்தக்க ஊதியமும் இல்லை. இன்னொன்றும் உண்டு. தமக்குத் தீங்கு நேர்ந்ததை முதற் சாரார் உணரவே இல்லை.

இவ்வாய்வைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 17 என்ற எண்ணோடு நின்றுவிடுகின்றனர். ஆசிரியராகப் போகின்றவர் நோக்க வேண்டியது வேறொன்று. தீங்கு செய்யாத அந்த இரண்டாம் இயந்திரம் எங்ஙனம் ஆக்கப்பட்டது? ஒவ்வொரு கணக்குக்கும் சரியான தீர்வு எது, மாணவர் வழக்கமாகச் செய்யும் தவறுகள் எவை, அத்தவற்றைக் கண்டால் எத்தகைய குறிப்புத் தரல் வேண்டும் என்பனவற்றை ஆசிரியர்கள் முன்னரே எழுதி அதனுள் அமைத்திருந்தனர். அதாவது, இயந்திரத்தைப் பாதுகாப்பானதாக்கியது பல்லாண்டு கொப்பி திருத்திய ஆசிரியர்களின் அறிவு. அவ்வறிவு இல்லாத ஆசிரியர் ஒருவர் அவ்வியந்திரத்தை ஆக்கியிருக்க இயலாது. பிறர் ஆக்கித் தந்தால் அது செய்வது சரியோ பிழையோ என்று மதிப்பிடவும் இயலாது.

பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் ஆசிரியராதற்குத் தகாதோரை நான்கு பொருள்களுக்கு ஒப்பிடுகின்றார். அவற்றுள் ஒன்று கழற்சிக்காய் நிரப்பிய குடம். காய்களை எவ்வொழுங்கில் இட்டிருந்தாலும் கவிழ்க்கும்போது முறை மாறி யாவும் ஒருங்கே வந்து விழும். கற்பவர் எந்நிலையில் நிற்கின்றார் என்று நோக்காது தீர்வு முழுவதையும் ஒரே மூச்சிற் கொட்டும் திருத்தப்படாத இயந்திரத்துக்கு இதனினும் ஏற்ற உவமை கிடைப்பது அரிது. மாணாக்கரையும் பவணந்தியார் அன்னம் முதல் நெய்யரி ஈறாக வகுத்துக் காட்டுகின்றார். ஆனால் அவர் வகுத்தது மாணாக்கரின் இயல்பை; தவற்றின் இயல்பையன்று. மரபிலும் இஃதோர் இடைவெளியே. இவன் பொள்ளற்குடம் என்று முடிவு கட்டிவிட்ட ஆசிரியர் அவனுடைய விடைத்தாளைப் படிக்க வேண்டிய தேவையிலிருந்து தம்மை விடுவித்துக்கொள்கின்றார். வித்தியாதரிசி இயந்திரத்தைக் குறை கூறித் தப்பியது போல இவர் பிள்ளையைக் குறை கூறித் தப்புகின்றார்.

இன்று ஆசிரியப் பயிற்சி பெறுவோருக்கு முன்னுள்ள இக்கட்டு இதிலிருந்தே எழுகின்றது. பாடத் திட்டம் வரைதல், வினாத்தாள் ஆக்கல், ஒரே பந்தியை மூன்று தரத்தில் எளிமையாக்கி எழுதல் ஆகியவற்றை இயந்திரத்திடம் ஒப்படைப்பதால் பெருங்கேடு விளையாது. வந்ததைச் சரிபார்க்கும் பொறுப்பு ஆசிரியரிடம் இருப்பின் போதும். கொப்பி திருத்துதல் அவ்வாறானதன்று. அது சலிப்பூட்டுவது, நேரத்தை விழுங்குவது, ஆகையால் இயந்திரத்திடம் முதலில் தள்ளிவிடத் தோன்றுவதும் அதுவே. முப்பதாண்டு அனுபவமுள்ள ஆசிரியர் அதனைத் தள்ளிவிட்டால் அவர் இழப்பது ஒரு மாலைப்பொழுதின் களைப்பை மட்டுமே. தவறுகளின் வகை யாவும் அவர் மனத்தில் ஏற்கெனவே பதிந்துள்ளன. முதலாண்டில் நிற்பவர் தள்ளிவிட்டாலோ அவ்வகைகள் அவர் மனத்தில் என்றும் பதியப் போவதில்லை. இருவரும் ஒரே கருவியை ஒரே முறையிற் பயன்படுத்துகின்றனர். ஒருவர் ஓய்வு பெறுகின்றார், மற்றவர் தொழிலையே கற்காது விடுகின்றார். கருவியை வகுப்பறையில் அனுமதிக்கலாமா என்று வாதிடுவோர் இவ்வேறுபாட்டை எடுத்துப் பேசுவது அரிதாக உள்ளது. மாணவரின் வயதுக்கு எல்லை வகுத்த வழிகாட்டிகளைப் போல ஆசிரியரின் அனுபவத்துக்கும் எல்லையொன்று வகுக்கத் தக்கது.

அவ்வெல்லை எங்ஙனம் அமையலாம் என்பதற்கு 'பக்கி' நிரலே வழிகாட்டும். கற்பித்தற் பயிற்சிக் காலத்தில் ஒரு வகுப்பின் விடைத்தாள்கள் முழுவதையும் பயிற்சி ஆசிரியர் முதலில் தாமே படித்தல் வேண்டும். ஒவ்வொரு தவறான விடைக்கும் எதிரே, புள்ளியை எழுதாது, பிள்ளை எவ்வாறு எண்ணியிருப்பான் என்ற தம் ஊகத்தையும் அவ்வூகத்தைச் சோதிக்க அடுத்துக் கொடுக்கும் கணக்கையும் எழுதல் வேண்டும். அதன் பின்னரே அதே விடைத்தாள்களை இயந்திரத்துக்குக் காட்டி அதன் கூற்றைப் பெறல் வேண்டும். இரண்டும் ஒத்த இடங்களை விரைவிற் கடந்துவிடலாம். ஒவ்வாத இடங்களை விரிவுரையாளர் முன்னிலையில் வைத்து, அப்பிள்ளையையே அழைத்து, இதனை எப்படிச் செய்தாய் என்று கேட்டறிதல் வேண்டும். சில வேளை இயந்திரம் சரியாக இருக்கும். சில வேளை பயிற்சி ஆசிரியர் சரியாக இருப்பார். இருவரும் எண்ணிப் பாராத ஒன்றைப் பிள்ளை கூறுவதும் உண்டு. மார்ஜியின் வீட்டுக்கு வந்த வித்தியாதரிசி அங்கிருந்த ஒரு மணி நேரத்தில் அவளிடம் கேளாதது அந்த ஒரு வினாவே.